மணியை அடித்தது யார்?

(பட்டிமன்றத் தலைப்பு: குற்றங்கள் குறையப் பெரிதும் தேவை சட்டத்தின் தண்டனையா? சமூகத்தின் அக்கறையா? 'சமூகத்தின் அக்கறையே' என்ற அணியில் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் வழக்கறிஞர் அம்மா பேசினாங்க. என்ன வேகம்! சட்டப் பிரிவு எண்களா அடுக்கிட்டே போனாங்க. மூணாவது வரிசையில ஒரு பெரியவர் டெலிபோன் நம்பர்னு நெனச்சு எழுதிக்கிட்டு இருந்தாரு. (சிரிப்பு) ஐயா, வீட்டுக்குப் போய்ப் போன் போட்டுப் பார்த்துடாதீங்க. யாரும் எடுக்க மாட்டாங்க. அதுதான் எங்க அணியோட வாதமே! (பலத்த கைதட்டல்)

நடுவர் ஐயா, போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு வெளியே வந்து பார்த்தா, என் செருப்பைக் காணோம். அவ்வளவுதான், மண்டபமே கூடிப் போச்சு. ஒருத்தர் வாட்ச்மேனை விசாரிக்கிறாரு. ஒருத்தர், 'கேமராவுல பாருங்க'ங்கிறாரு. மாப்பிள்ளையோட சித்தப்பா தாலி கட்டினதை விட்டுட்டு என் செருப்பைத் தேடுறாரு. என் மனைவி மட்டும் அமைதியா நின்னா. 'பரவாயில்லீங்க, எடுத்துட்டுப் போனவன்தான் பாவம்'னா. (சிரிப்பு)

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு ஜோடி பழைய செருப்பு காணாமல் போனால் நாற்பது பேர் கூடுகிறோம். இதை மட்டும் மனசிலே வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வேறொரு செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உங்களை அழைத்துக்கொண்டு போகப் போகிறேன். அங்கே சிரிக்க முடியாது.

வழக்கறிஞர் அம்மா, மனுநீதிச் சோழனைச் சொன்னாங்க. 'கன்றைத் தேர்க்காலில் கொன்ற தன் மகனையே தேர்க்காலில் இட்டான் மன்னன், அதுதான் சட்டம், அதுதான் தண்டனை, அதனாலேதான் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே அவனுக்குச் சிலை'ன்னாங்க. உண்மை. ஆனால் அம்மா, ஒண்ணை மறந்துட்டீங்க. நீங்க தேர்ச் சக்கரத்தைப் பார்த்தீங்க. நான் மணியைப் பார்க்கிறேன்.

அரண்மனை வாசலில் ஒரு ஆராய்ச்சி மணி தொங்கியது. கன்றைப் பறிகொடுத்த பசு வந்து அடித்தது. மணிச் சத்தம் கேட்ட பிறகுதான் மன்னனுக்கே விஷயம் தெரியும். மணி இல்லையென்றால்? கயிறு அறுந்து போயிருந்தால்? மனுநீதிச் சோழன் எவ்வளவு பெரிய நீதிமானாக இருந்தும், அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பான். கதையே கிடையாது. ஆக, நீதிக்கு முதலில் தேவை சக்கரம் இல்லை. மணி. அந்த மணிதான் சமூகத்தின் அக்கறை. (கைதட்டல்)

பசுவும் அடிக்காமல், ஊரும் அடிக்காமல், கொன்றவனே வந்து அந்த மணியை அடித்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சம்பவம் நடந்தது ஐயா. புராணத்தில் இல்லை. நம் காலத்தில், 1999ஆம் ஆண்டு, பாகிஸ்தானில், லாகூர் நகரத்தில்.

அந்த டிசம்பர் மாசத் தொடக்கத்திலே லாகூர் போலீசுக்கு ஒரு கடிதம் வருகிறது. அதே சமயத்தில் 'ஜங்' என்கிற உருது நாளிதழுக்கும் வருகிறது. எழுதியவன் பெயர் ஜாவேத் இக்பால். சாரம் இவ்வளவுதான்: 'நான் நூறு சிறுவர்களைக் கொன்றிருக்கிறேன்.' ஆறு வயசிலிருந்து பதினாறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள். ஒன்று இரண்டு இல்லை ஐயா, நூறு!

எங்கோ காட்டிலே இல்லை. லட்சக்கணக்கான ஜனம் நெருக்கியடித்து வாழ்கிற ஒரு பெருநகரத்தின் நடுவிலே, ராவி ரோடு பகுதியில் ஒரு சாதாரண வீட்டில். பல வருஷமா நடந்ததும் இல்லை. அந்த ஒரே ஆண்டில், சில மாதங்களுக்குள்ளே. தாய்மார்கள் கேட்டுக்கொண்டிருப்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கொடுமை நடந்தது என்று நான் விவரிக்கப் போவதில்லை. சொல்ல நாக்கு கூசுகிறது. உடலே மிஞ்சாதபடி திராவகத்தில் கரைத்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த வீட்டுக்குள்ளே போய்ப் பார்த்தபோது என்ன இருந்தது தெரியுமா? பிள்ளைகளின் புகைப்படங்கள். ஒரு குறிப்பு நோட்டு, அதிலே பேர், வயசு எல்லாம் எழுதி வைத்திருக்கிறான். அப்புறம் மூட்டை மூட்டையாகத் துணி. குவியல் குவியலாகச் செருப்பு. சின்னச் சின்னச் செருப்பு.

(அரங்கில் அமைதி)

சேதி பரவியது. பிள்ளையைக் காணாமல் தவித்த தாய் தகப்பன்மார் வந்தார்கள். எதை வைத்து அடையாளம் காட்டுவது? முகம் இல்லை, உடம்பு இல்லை. ஒரு சட்டையைப் பார்த்து, 'இது என் மகன் போட்டிருந்தது.' ஒரு படத்தைப் பார்த்து, 'இவன்தான் எங்க பிள்ளை.' ஐயா, கல்யாண மண்டபத்தில் செருப்பு இல்லாமல் நான் வீட்டுக்கு வந்தேன். அந்தத் தகப்பனுக்குக் கிடைத்தது செருப்பு மட்டும்தான். பிள்ளை இல்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இந்த நூறு பிள்ளைகள் காணாமல் போனதை முதலில் ஊருக்குச் சொன்னது யார்? பெற்றவர்கள் அழுதது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. போலீசும் சொல்லவில்லை, பக்கத்து வீடும் சொல்லவில்லை, கடைத்தெருவும் சொல்லவில்லை. கொன்றவன் சொன்னான்! சட்டம் தேடிப் போய்க் குற்றத்தைக் கண்டுபிடிக்கவில்லை. குற்றம் தபால்தலை ஒட்டிக்கொண்டு சட்டத்தைத் தேடி வந்தது! (கைதட்டல்)

எதிரணி நண்பர் ஒருத்தர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு. அவர் என்ன கேட்கப் போறாருன்னு தெரியும். 'பேராசிரியரே, அவனாகவே ஒப்புக்கொண்டானே, அப்போ அவன் மனசாட்சி பேசியிருக்கு இல்லையா?'

மனசாட்சியா? மனசாட்சி ஒரு பிள்ளையிலேயே பேசியிருக்கும் ஐயா. நூறு வரைக்கும் எண்ணிக்கொண்டிருக்காது. அவன் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். ஒரு தடவை அவனைச் சிலர் கடுமையாகத் தாக்கினார்களாம். போலீஸ் நியாயம் செய்யவில்லையாம். அந்தத் துக்கத்திலேயே அவன் தாய் இறந்தாளாம். 'என் தாய் அழுதாள். நூறு தாய்மாரை அழ வைப்பேன்' என்று சபதம் எடுத்தானாம். சபதம் முடிந்தது, கடிதம் எழுதினான். இது குற்ற உணர்ச்சி இல்லை. கணக்கு முடித்தவன் அனுப்புகிற ரசீது!

ராவி நதியில் விழுந்து சாகப் போவதாகவும் சொல்லியிருந்தான். போலீஸ் நதியிலே வலை போட்டுத் தேடியது. கிடைக்கவில்லை. நாட்டையே சல்லடை போட்டுச் சலித்தார்கள். அப்போதும் கிடைக்கவில்லை. கடைசியில் 1999 டிசம்பர் 30ஆம் தேதி அவனே நடந்து வந்தான். காவல் நிலையத்துக்கா? இல்லை. அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு! 'போலீஸ் கையில் சிக்கினால் கொன்றுவிடுவார்கள் என்று பயம்' என்றானாம். வழக்கறிஞர் அம்மா, உங்கள் சட்டம் அவனைக் கடைசி வரைக்கும் பிடிக்கவே இல்லை அம்மா. முதல் தடவை எழுதித் தெரிவித்தான். இரண்டாம் தடவை நேரில் வந்து தெரிவித்தான்! (கைதட்டல்)

சரி, தண்டனையைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி தீர்ப்பு. நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள். உலகமே திரும்பிப் பார்த்த தீர்ப்பு. அந்தப் பெற்றோர்கள் கண் முன்னாலேயே கழுத்தை நெரித்துக் கொல்ல வேண்டும், உடலை நூறு துண்டாக்கித் திராவகத்தில் போட வேண்டும் என்றார் நீதிபதி. எதிரணியினர் கேட்கிற கடுமைக்கு இதற்கு மேல் ஒரு கடுமை உண்டா? ஆனால் என்ன நடந்தது? அப்படியெல்லாம் நிறைவேற்ற முடியாது என்று அந்த நாட்டு உள்துறை அமைச்சரே சொன்னார். மேல்முறையீடு நிலுவையில் இருந்தது. 2001 அக்டோபரில் சிறை அறையில் அவன் பிணமாகக் கிடந்தான். தற்கொலை என்று அறிவித்தார்கள்.

அந்த நாட்டிலே தூக்குத் தண்டனை முன்பே இருந்தது. அந்தப் பயம் நூறு பிள்ளைகளில் ஒரு பிள்ளையையாவது காப்பாற்றியதா? காப்பாற்றவில்லை. ஏனென்றால், நம்மைத் தேடி வருவார்கள் என்று நினைப்பவனுக்குத்தான் தண்டனையைக் கண்டு பயம். 'இந்தப் பிள்ளையை யாரும் தேட மாட்டார்கள்' என்று தெரிந்தவனுக்கு எந்தத் தண்டனை பயம் தரும்?

அந்தப் பிள்ளைகள் யார் என்று பாருங்கள். வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள். அப்பா அடித்தார் என்று வந்தவன். பட்டறையில் முதலாளி அடித்தார் என்று வந்தவன். வீட்டிலே சோறு இல்லை என்று வந்தவன். பிச்சை எடுக்கிறவன், குப்பை பொறுக்குகிறவன், தெருவிலே படுக்கிறவன். லாகூரில் தாதா தர்பார் என்று ஒரு பெரிய தர்கா உண்டு. அங்கே எப்போதும் அன்னதானம் நடக்கும். பசித்த பிள்ளைகள் அங்கே கூடுவது இயற்கை. நல்லவர்கள் சோறு போட்டார்கள். ஆனால் நேற்று வரிசையில் நின்ற பையன் இன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இல்லை.

இவன் ஒரு காலத்தில் வீடியோ கேம் கடை நடத்தியவன். காசைக் குறைத்து, சில சமயம் காசே இல்லாமல் பிள்ளைகளை விளையாட விட்டு வசப்படுத்தியவன். சிறுவர்களிடம் தவறாக நடந்தான் என்று முன்பே அவன் மேல் புகார் உண்டு. புகார் காகிதத்தில் இருந்தது. ஆனால், 'இந்த மனிதனைச் சுற்றி ஏன் எப்போதும் சின்னப் பையன்கள்? நேற்று வந்தவன் இன்றைக்கு எங்கே?' என்று அந்தத் தெரு கேட்டிருந்தால்? அவன் கடிதம் எழுதும் முன்பே கதவு தட்டப்பட்டிருக்கும். அவன் நல்ல வேட்டைக்காரன் ஐயா. பலசாலியைத் தேடவில்லை, பணக்காரனைத் தேடவில்லை. யாரும் எண்ணிப் பார்க்காத பிள்ளையைத் தேடினான்.

நெஞ்சைச் சுடுகிற விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. நீதிமன்றத்திலே அவன் பல்டி அடித்தான். 'நான் யாரையும் கொல்லவில்லை. ஓடிப்போகிற ஏழைப் பிள்ளைகளின் நிலைமையை உலகம் கவனிக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினேன்' என்றான். நீதிமன்றம் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அது பச்சைப் பொய். ஆனால் யோசித்துப் பாருங்கள். பொய் சொல்கிறவன் எந்தப் பொய்யைத் தேர்ந்தெடுப்பான்? எடுபடக்கூடிய பொய்யை! 'இந்தப் பிள்ளைகளை யாருமே கவனிக்கவில்லை' என்று சொன்னால் ஊர் தலையாட்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஏனென்றால் அந்த ஒரு வரி மட்டும் உண்மை. கொலைகாரன் நம்மைக் குற்றவாளிக் கூண்டுக்கு இழுக்கிறான் ஐயா. நாம் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறோம்.

அந்தப் பிள்ளைகளின் பேரும் வயசும் ஒரே இடத்தில் எழுதியிருந்தது எங்கே? பள்ளிக்கூடத்துப் பதிவேட்டிலா? இல்லை. அரசாங்க ஆவணத்திலா? இல்லை. கொன்றவன் வைத்திருந்த நோட்டிலே! ஒரு சமூகத்துக்கு இதைவிடத் தலைகுனிவு உண்டா?

(நீண்ட கைதட்டல்)

நடுவர் ஐயா, நான் ஏதோ வெளிநாட்டுக்காரர்களைக் குறை சொல்லிவிட்டு, சட்டையை உதறிக்கொண்டு போகிற ஆள் என்று நினைக்க வேண்டாம். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு நெருக்கமாக வகுப்பிலே பேர் கூப்பிடுகிறவன் நான். பல வருஷத்துக்கு முன்னாலே ஒரு மாணவன். கடைசி பெஞ்சு. வாயே திறக்க மாட்டான். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. பதிவேட்டிலே வரவில்லை என்று குறித்தேன். செவ்வாய்க்கிழமையும் குறித்தேன். மூணு வாரம் குறித்துக்கொண்டே இருந்தேன் ஐயா, கை வலிக்காமல்! விதிப்படி என் கடமையைச் சரியாகச் செய்தேன். தேர்வு எழுதத் தகுதி இல்லை என்று பட்டியலிலும் அவன் பேரைச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் கல்லூரி வாசலிலே ஒரு அம்மா இட்லிக் கடை போட்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா. ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டது: 'ஏன் சார், அந்தக் கறுப்பா ஒல்லியா ஒரு தம்பி வருமே, ரெண்டு இட்லி மட்டும் வாங்கித் தண்ணி நிறையக் குடிக்கும். அதை ஏன் கொஞ்ச நாளாக் காணோம்?' எனக்குப் பதில் தெரியவில்லை. முனைவர் பட்டம் வாங்கியவன் பேந்தப் பேந்த முழிக்கிறேன்.

அன்றைக்குச் சாயந்திரமே விசாரித்துக்கொண்டு போனேன். அப்பா இறந்து போய், குடும்பத்துக்காகச் செங்கல் சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தான் அந்தப் பையன். என்னைப் பார்த்ததும் கைமண்ணைத் தட்டிவிட்டு, 'ஐயா, நீங்க தேடி வந்தீங்களா?' என்று அழுதுவிட்டான். நான் தேடி வரவில்லை. அந்த இட்லிக்கார அம்மா அனுப்பியது! அடுத்த வருஷம் திரும்பிச் சேர்ந்து படித்தான். இன்றைக்கு அவனும் ஒரு ஆசிரியர். (கைதட்டல்)

நான் வைத்திருந்தது பதிவேடு. அந்த அம்மா வைத்திருந்தது அக்கறை. பதிவேடு 'வரவில்லை' என்று எழுதும். அக்கறைதான் 'ஏன் வரவில்லை' என்று கேட்கும். சட்டம் முதல் வகை. சமூகம் இரண்டாவது வகை. லாகூரிலே அந்தத் தெருவுக்கு ஒரு இட்லிக்கார அம்மா இருந்திருந்தால், நூறு என்ற எண் ஒன்றிலேயோ இரண்டிலேயோ நின்று போயிருக்கும்.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டமும் வேண்டும், நீதிமன்றமும் வேண்டும், வழக்கறிஞர் அம்மாவும் வேண்டும். அவங்க இல்லேன்னா நான் யாரைக் கிண்டல் பண்றது? (சிரிப்பு) ஆனால் சட்டம் நடந்த பிறகு வரும். அக்கறை நடக்கும் முன்னாலே வரும். சட்டம் சடலத்தை எண்ணும். அக்கறை பிள்ளைகளை எண்ணும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒவ்வொருவரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய தியாகம் ஒன்றும் வேண்டாம். ரயில் நிலையத்திலே, பஸ் ஸ்டாண்டிலே தனியாக ஒரு பிள்ளை நிற்பதைப் பார்த்தால், பேப்பரால் முகத்தை மறைத்துக்கொள்ளாதீர்கள். 'தம்பி, சாப்பிட்டியா? எந்த ஊரு? கூட யாரு வந்திருக்கா?' என்று மூணே கேள்வி கேளுங்கள். நம் நாட்டிலே குழந்தைகள் உதவிக்கு 1098 என்று ஓர் எண் இருக்கிறது. பின்வரிசைப் பெரியவரே, இதை எழுதிக்குங்க, இது உண்மையிலேயே டெலிபோன் நம்பர்தான்! (சிரிப்பு, கைதட்டல்) தெருவிலே தினமும் பார்க்கிற பிள்ளையை ரெண்டு நாள் காணோம் என்றால், செருப்பைத் தேடின மாதிரி நாற்பது பேராகத் தேடுங்கள். வீட்டிலே கோபித்துக்கொண்டு போன பிள்ளையை, 'போனவனுக்குப் பசிச்சா வருவான்' என்று விட்டுவிடாதீர்கள். அவன் பசிக்கும்போது முதலில் கூப்பிடுகிறவன் நல்லவனாக இருப்பான் என்று யார் சொன்னது?

(நடுவர் மணி அடிக்கிறார்)

அடிச்சிட்டீங்களா ஐயா? சரி, முடிக்கிறேன்.

பாருங்கள், மேடையிலே ஒருத்தன் ஒரு நிமிஷம் கூடுதலாகப் பேசினால் மணி அடிக்க நம்மிடம் ஆள் இருக்கிறது. லாகூரிலே நூறு பிள்ளைகள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகக் காணாமல் போனார்கள். மணியை அடிக்க ஆள் இல்லை. கடைசியில் கொன்றவனே அடித்தான். அடுத்த மணியை ஒரு கொலைகாரன் அடிக்கும்படி விட்டுவிடாதீர்கள். கயிறு உங்கள் கையிலேதான் இருக்கிறது. குற்றங்கள் குறையப் பெரிதும் தேவை சமூகத்தின் அக்கறையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)